தொலைக்காட்சி இலச்சினையைப் புதுப்பிக்கும்போது எதைத் தொடக்கூடாது

தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றின் இலச்சினையைப் புதுப்பிக்கும் வேலை கைக்கு வந்தால், கணினியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பழைய அப்பியாசக் கொப்பியின் வெற்றுத் தாள்களை நான்காகக் கிழித்து, ஒரு பென்சிலோடு அந்த அலைவரிசையை வழக்கமாகப் பார்க்கும் பத்துப் பேரிடம் கொடுங்கள். தொலைக்காட்சியையோ கைத்தொலைபேசியையோ பார்க்காமல், நினைவிலிருந்து மட்டும் அந்த இலச்சினையை வரையச் சொல்லுங்கள். “எனக்கு வரையத் தெரியாது” என்று அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். வரையத் தெரியாதவர்களின் கோடுகள்தான் நமக்கு வேண்டும்.

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் நான் நடத்தும் சிறிய வடிவமைப்புக் கடையில் இந்தச் சோதனைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. போட்டோ கொப்பி எடுக்க வந்து காத்திருப்பவர்களே போதும். ஒரு முறை உள்ளூர்க் கேபிள் அலைவரிசை ஒன்றுக்காக இதைச் செய்துகொண்டிருந்தபோது, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அப்பாயி ஒருவர் பேத்தியின் பிறப்புச் சான்றிதழோடு வந்திருந்தார். பென்சிலை நீட்டினேன்; வாங்கவில்லை. அன்று நல்ல மழை. மேசைக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தின் மேல் ஆட்காட்டி விரலால் ஒரு வட்டம் போட்டு, அதன் அடியில் ஒரு நெளிகோட்டை இழுத்தார். “உள்ளுக்கு என்னமோ எழுதியிருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. இந்த நெளிவு தெரிஞ்சா அது நம்ம செனலு” என்றார்.

அந்த இலச்சினையில் வட்டத்துக்குள் ஒரு மலைச் சிகரமும், அதன் பின்னால் எழும் சூரியனும், மூன்றெழுத்துச் சுருக்கப் பெயரும், அடியில் செம்மஞ்சள் நாடா ஒன்றும் இருந்தன. மலைதான் அதன் உயிர் என்று உரிமையாளர் நம்பியிருந்தார். அப்பாயியின் ஈரக்கோட்டையும் ஒரு தாளாகக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், பத்தில் எட்டில் நாடா இருந்தது. இரண்டில்தான் மலை இருந்தது. எழுத்துகளின் வடிவத்தை ஒருவரும் சரியாக வரையவில்லை. நிறம் என்னவென்று வாய்மொழியாகக் கேட்டபோது பெரும்பாலானோர் தயங்காமல் செம்மஞ்சள் என்றார்கள். ஆகவே மலை, சூரியன், எழுத்துரு ஆகிய மூன்றையும் மாற்ற எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நாடாவின் நெளிவையும் நிறத்தையும் தொட எனக்கு உரிமையில்லை என்பதும் அதே தாள்களில் எழுதப்பட்டிருந்தது. மலையகத்தில் வங்கிக் கிளையின் நாட்காட்டி முதல் விளையாட்டுக் கழகத்தின் பனியன் வரை எல்லாவற்றிலும் மலை இருக்கும்போது, மலையை வைத்து ஓர் அலைவரிசையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் போனதில் வியப்பில்லை.

ஓர் இலச்சினையை அறிந்துகொள்ளும் வேலையில் கண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்த மூலையில், எந்த நிறத்தில் இருக்கிறது என்பது முதலில் படுகிறது. பிறகு மொத்த வடிவத்தின் வெளிக்கோடு. எழுத்தை வாசிப்பது கடைசியில்தான், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். இதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. எங்கள் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் பிரதான கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் நின்றது. என்றாலும் தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை என்பதால், நடுவில் ஒரு மலை மறித்தால் அதன் நிழலில் கிடக்கும் தோட்டங்களுக்குப் படம் புள்ளி புள்ளியாகத்தான் வந்து சேரும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், அண்ணன் கூரைமேல் ஏறி மூங்கிலில் கட்டிய அன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து நான் “வந்திருச்சி, வந்திருச்சி, ஐயோ போயிருச்சி” என்று கத்திக்கொண்டிருப்பேன். மனிதர் முகம் தெரியாத அந்தப் புள்ளிக் குவியலிலும் மூலையில் தேங்கி நின்ற நிறத்திட்டைக் கொண்டு எந்த அலைவரிசை என்று சொல்லிவிடுவேன். இன்றும் நான் வரையும் எந்த இலச்சினையையும் கணினியில் நன்றாக மங்கலாக்கி, அந்தப் புள்ளிக் குவியலுக்குச் சமமாக்கிப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போகிறேன்.

பெரிய நிறுவனங்களின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்துக்காக வில்லியம் கோல்டன் உருவாக்கிய கண் இலச்சினை 1951இல் திரைக்கு வந்தது. சிறிது காலத்திலேயே அதை மாற்றிவிட விரும்பிய அவரை, நிறுவனத் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் தடுத்துவிட்டார். வரைந்தவருக்கு அலுப்புத் தட்டுகிற வேளையில்தான் பார்ப்பவர் அதைக் கவனிக்கவே தொடங்குகிறார் என்பது அவருடைய வாதம். அந்தக் கண் இன்றும் திரையில் இருக்கிறது. வாடிக்கையாளர் “பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, மாற்றுங்கள்” என்று வந்து உட்காரும்போது, சலித்தது யாருக்கு என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். அவர் நாள் முழுவதும் அலுவலகத்தில் அதைப் பார்க்கிறார். அந்தச் சலிப்பு மாலையில் வேலை முடிந்து வந்து பார்க்கிற தொழிலாளிக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு, அமெரிக்காவின் இன்னொரு தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி.யின் மயில் இலச்சினையை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. வண்ண ஒளிபரப்பை மக்களுக்கு அறிவிப்பதற்காக 1956இல் வந்த அந்த மயிலுக்குப் பதினொரு தோகை இறகுகள் இருந்தன. 1986இல் புதுப்பித்தபோது இறகுகள் ஆறாகக் குறைந்தன. மயிலின் உடல் தனியே வரையப்படாமல் இறகுகளுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியாகவே சுருங்கியது. எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது, உடலே காணாமற் போனது, ஆனாலும் அது அதே மயில்தான். ஏனென்றால் விரிந்த தோகையின் வெளிக்கோடும் பல நிறங்கள் அடுத்தடுத்து நிற்கும் வரிசையும் கைவிடப்படவில்லை. இடையில் அதே நிறுவனம் 1976இல் மயிலை ஒதுக்கி, சிவப்பும் நீலமுமான இரு சரிவகங்களாலான ஆங்கில ‘என்’ எழுத்தைக் கொண்டுவந்தபோது, நெப்ராஸ்கா மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஏறக்குறைய அதே வடிவத்தை ஏற்கனவே பயன்படுத்திவருவது தெரியவந்து, ஒளிபரப்புக் கருவிகளும் பணமும் கொடுத்துச் சமரசமாக வேண்டியிருந்தது. வரைந்து முடித்ததும் படத்தைக் கொண்டே இணையத்தில் தேடிப் பார்க்கும் வசதி அன்று இல்லை; இன்று இருக்கிறது, ஐந்து நிமிட வேலைதான்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1981இல் தொடங்கிய இசை அலைவரிசையான எம்.டி.வி. தன் பெரிய ‘எம்’ எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே நிறைந்திருக்கும் நிறத்தையும் கோலத்தையும் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருந்தது. பிரித்தானியாவின் சனல் 4, 1982இல் ஒன்பது வண்ணத் துண்டுகள் பறந்துவந்து நான்காம் எண்ணாகச் சேரும்படி செய்தது; பிற்பாடு சில ஆண்டுகள் அதைக் கைவிட்டு, 2004இல் அந்தத் துண்டுகளையே மீண்டும் அழைத்துக்கொண்டது. எதைப் பிடித்துக்கொள்வது என்பதில் இவர்கள் வேறுபடுகிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில் வேறுபடவில்லை.

இனி வரைகிற வேலை. முதலில் கறுப்பு நிறத்தில் மட்டும் வரையுங்கள். நிறத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்தால், வடிவத்தின் பலவீனத்தை அது மறைத்துவிடும். திரையில் தோன்றப்போகும் அளவுக்கே சுருக்கிப் பார்த்துக்கொண்டு வரைவதும் முக்கியம். 1920க்கு 1080 பிக்சல் கொண்ட திரையில் மூலை இலச்சினைக்கு எண்பது முதல் நூறு பிக்சல் வரையான உயரமே கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கேட்டால் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சண்டைக்கு வருவார். திரையின் விளிம்பில் ஒட்டவைக்கவும் கூடாது. எழுத்தும் வரைபடமும் நான்கு பக்கமும் ஐந்து சதவீதம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்பது ஒளிபரப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதாவது பக்கவாட்டில் 96 பிக்சலும் மேலே 54 பிக்சலும். பழைய பெட்டி வகைத் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் விழுங்கிவிடும், தோட்டங்களில் அவை இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

மெல்லிய கோடு திரைக்குப் பகை. பல அலைவரிசைகள் இன்றும் படத்தை ஒற்றைப்படை வரிகளாகவும் இரட்டைப்படை வரிகளாகவும் பிரித்து மாறி மாறி அனுப்புகின்றன; ஒரே ஒரு வரி தடிப்புள்ள படுக்கைக் கோடு இந்த இரண்டில் ஒன்றில் மட்டும் விழுவதால், வினாடிக்கு இருபத்தைந்து தடவை தோன்றி மறைந்து துடிக்கும். குறைந்தது மூன்று நான்கு வரித் தடிப்பு இல்லாத எதையும் நான் இப்போது வரைவதில்லை. சரிந்த விளிம்பும் பற்பற்களாகத் தெரியும். பி.பி.சி. தன் மூன்று எழுத்துகளின் சாய்ந்த பெட்டிகளை 1997இல் நிமிர்த்தி நேரான சதுரங்களாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

“இப்போது வரைவதில்லை” என்று சொன்னதற்குப் பின்னால் என் சொந்த அவமானம் ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், இன்னொரு சிறிய அலைவரிசைக்கு, தேயிலையின் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரைந்து கொடுத்தேன். கணினித் திரையில் முழு அளவில் பார்த்தபோது இலை நரம்புகள்கூடத் தெரிந்தன, உரிமையாளர் நெகிழ்ந்துபோனார். ஒளிபரப்பில் நரம்பு போனது, காம்பு போனது, கடைசியில் மொட்டும் போனது. மிஞ்சியது இரண்டு பச்சை இலைகள் மட்டும். தமிழ்நாட்டு அலைவரிசைகளை ஒழுங்காகப் பார்க்கும் நம்மவர்களுக்கு அது எதை நினைவூட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையிலேயே உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, நம்ம செனலை எப்பத் தம்பி அண்ணா தி.மு.க.வுல சேர்த்தீங்க? ஆளுக்கு ஆள் கேக்கிறாங்க” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. மொட்டைப் பெரிதாக்கி, இலைகளை அதன் இருபுறமும் ஒடுக்கி, நரம்பு ஏதுமில்லாத மூன்று திட்டுகளாக மீண்டும் வரைந்த பிறகே அது தேயிலையானது.

தமிழ் எழுத்தைச் சிறியதாக்கும்போது வரும் தொல்லை தனி வகை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்து உருவான வழிகாட்டல்களில் இதற்கு விடை கிடைக்காது. நம் எழுத்தில் சுழிகள் அதிகம்; ண, ஞ, ணை போன்றவற்றின் உள்வெளிகள் சிறிய அளவில் அடைபட்டு வெறும் திட்டாகிவிடும். அதைவிட ஆபத்தானது மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துருக்கள் பலவற்றில் அது தாளில் வாசிப்பதற்கான அளவில்தான் இருக்கிறது. திரையின் மூலையில் அது தூசிக்குச் சமம். ‘சக்தி’ என்பதில் புள்ளி மறைந்தால் ‘சகதி’. ‘கல்வி’ என்பதில் மறைந்தால் என்ன வரும் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாணவர் நிகழ்ச்சி ஒன்றுக்கு இலச்சினை வரைகிறவர் தாமே எழுதிப் பார்த்துக்கொள்ளட்டும். ஆகவே எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து பயன்படுத்தாமல், எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, புள்ளியை ஒன்றரை மடங்கேனும் பெரிதாக்கி, எழுத்தின் உச்சியிலிருந்து கொஞ்சம் விலக்கி வையுங்கள். சுழியின் உள்வெளியை, கோட்டின் தடிப்பைவிடக் குறையாத அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். இந்த இரண்டு திருத்தமும் செய்த எழுத்து அருகிலிருந்து பார்க்கச் சற்று அவலட்சணமாகத்தான் இருக்கும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், சரியாகிவிடும்.

இந்த நாட்டில் மூன்று மொழிகளும் இலச்சினையில் இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கை பெரும்பாலும் வரும், நியாயமான கோரிக்கைதான். ஆனால் நூறு பிக்சல் உயரத்துக்குள் மூன்று வரிகளை அடுக்கினால் மூன்றையும் வாசிக்க முடியாது. மூலையில் நிற்பதற்குச் சொல் இல்லாத குறியீட்டையோ ஒரே ஒரு எழுத்தையோ வைத்துக்கொண்டு, மும்மொழிப் பெயரை நிகழ்ச்சிகளுக்கு இடையில் வரும் முழுத்திரை அறிமுகத்துக்கும் கடிதத்தாளுக்கும் ஒதுக்கிவிடுமாறு நான் வாதாடுவேன். பல தடவை தோற்றும் இருக்கிறேன்.

நிறத்துக்கு வந்தால், ஒளிபரப்பில் வெளிச்சத்தின் நுணுக்கம் காப்பாற்றப்படும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கம் காப்பாற்றப்படுவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும்போது நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் பொதுவாகப் போகிறது. நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து கசிந்து கலங்குவது அதனால்தான். படத்தை முற்றாகச் சாம்பல் நிறமாக்கிப் பாருங்கள். அப்போதும் பகுதிகள் பிரிந்து தெரிந்தால் அது நிறத்தை நம்பி மட்டும் நிற்கவில்லை என்று பொருள். படிப்படியாகக் கரையும் நிறச்சாயல் திரையில் பட்டை பட்டையாகப் பிரியும் என்பதால் அதைத் தவிருங்கள். ஒளி ஊடுருவும் வெள்ளை இலச்சினை இப்போது பலரின் விருப்பம். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் அழுத்தமான படம் சில வகைத் திரைகளில் தழும்பாகப் பதிந்துவிடும் என்பதால் அதில் நன்மையும் உண்டு. ஆனால் நம் ஊர்க் காலை நிகழ்ச்சியில், பின்னணியில் பனிமூட்டம் இறங்கிய தேயிலைமலை வந்ததும் அது மாயமாகிவிடும். வெள்ளையைச் சுற்றி மெல்லிய, அரைவாசி ஊடுருவும் கருநிழல் ஒன்றை இட்டு, பனி, கோயில் தீபாராதனை, வெயிலில் காயும் சேலைகள், இரவு மழை ஆகிய நான்கு காட்சிகளின் மேலும் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அசைவும் ஒலியும் இலச்சினையின் பகுதிகளே, அலங்காரங்கள் அல்ல. இந்தியாவின் தூர்தர்ஷனில் இரு வளைவுகள் சுழன்றுவந்து ஒரு கண்ணாகச் சேர்வதையும் அதனோடு எழும் இசையையும் அறிந்த தலைமுறைக்கு, படம் இல்லாமல் அந்த இசை மட்டும் கேட்டாலே போதும். மூன்று முதல் ஐந்து வினாடிக்குள் முடியுங்கள். மக்கள் தாளில் வரைந்துகாட்டிய பகுதி எதுவோ அதுவே கடைசியாக வந்து அமரட்டும்.

மாற்றும் நாளைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையின் சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இலும், தமிழ்நாட்டின் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இலும் தொடங்கின. புத்தாண்டுப் பொழுதில் புதியதைத் தொடங்கும் ஆசை நம் பக்கத்தில் இயல்பானது. புதிய அலைவரிசைக்கு அது பொருந்தும். பழைய இலச்சினையை மாற்றுவதற்கு அப்படியான நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். பண்டிகை நாளில் மூலை முழுவதும் குத்துவிளக்கும் பொங்கல் பானையும் ஏறி நிற்கும், எது இலச்சினை, எது சோடனை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில், பழையது நின்ற அதே மூலையில், அதே அளவில், பழையதே உருமாறிப் புதியதாவதைப் போல மாற்றுங்கள். மூலையையும் அதே நாளில் மாற்றுவது இரண்டு அடையாளங்களை ஒரே நாளில் அழிப்பதாகும்.

கோப்பை ஒப்படைக்கும்போது இலச்சினையை மட்டும் வெட்டிக் கொடுக்காமல், 1920க்கு 1080 அளவுள்ள முழுத்திரையையும் பின்னணி இல்லாத ஒரே படமாக, இலச்சினையை அதன் இடத்தில் பொருத்தியே கொடுங்கள். இல்லாவிட்டால் இரவுப் பணியில் இருக்கும் பிள்ளை அதைக் கையால் இழுத்து வைப்பார், காலைப் பணிக்கு வருபவர் வேறொரு இடத்தில் வைப்பார்.

மூன்று மாதம் கழித்து, முதற்சோதனையில் கலந்துகொள்ளாத வேறு பத்துப் பேரிடம் அதே அப்பியாசக் கொப்பித் தாள்களைக் கொடுங்கள். சிலர் பழையதையே வரைந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெளிநாடா அலைவரிசைக்கு நான் இரண்டாவது சோதனை செய்தபோது பத்தில் ஒன்பது பேர் நாடாவை வரைந்தார்கள். அவர்களில் நான்கு பேர், நான் நீக்கிவிட்ட மலையையும் அதன்மேல் வரைந்திருந்தார்கள். முதற்சோதனையில் அதை வரைந்தவர்கள் இரண்டே பேர். அது ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அந்த நான்கு தாள்களை மட்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.